மானம் பலூனேறிய கதை

பலூனில் முதன்முதலாகப் பறந்த பயணிகள் மூன்று பேர்: ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். 1783 செப்டம்பர் 19-ஆம் தேதி, வெர்சாய் அரண்மனை முற்றம். பதினாறாம் லூயி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். எதியேன் மோங்கோல்ஃபியே கீழே தீ மூட்டிப் புகை போட்டார். பலூன் எட்டு நிமிடம் பறந்து, மூன்று கிலோமீட்டர் சொச்சம் தள்ளி ஒரு காட்டில் இறங்கியது. சேவலுக்கு மட்டும் இறக்கையில் காயம். உயரத்தில் காற்று மாறியதால் வந்த காயமா என்று அறிஞர்கள் கூடி விவாதித்தார்கள். கிளம்புவதற்கு முன்பே ஆடு உதைத்துவிட்டது என்று பார்த்தவர்கள் சாட்சி சொன்ன பிறகுதான் விவாதம் அடங்கியது. ஆட்டை அரசி தன் விலங்குத் தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார். உதைத்தவருக்கு அரண்மனை மேய்ச்சல், உதை வாங்கியவருக்கு விசாரணைக் கமிஷன். பலூன் வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது.

அந்தப் பலூனுக்கு உடுப்பு தைத்த இடம் ரெவெய்யோன் என்ற பாரிஸ் வியாபாரியின் பட்டறை. அவருடைய தொழில் பணக்காரர் வீட்டுச் சுவர்களில் ஒட்டும் சித்திரக் காகிதம். அவர் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? வானத்துக்குப் போகிற வாகனம் நீலமும் தங்கமுமாக வரவேற்பறை அழகோடு கிளம்பியது. பறக்குமா என்பது இரண்டாம் பட்சம். விழுந்தாலும் லட்சணமாக விழவேண்டும்.

அலங்காரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்தவர்கள் பலூனைக் கப்பலாக்கினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வானத்தில் என்ன மாதிரி வண்டி ஓட்டுவது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்ததெல்லாம் படகு. ஆகவே பலூனுக்கு அடியில் ஒரு படகைக் கட்டினார்கள். படகு என்றால் துடுப்பு வேண்டுமே, துடுப்பு வைத்தார்கள். சுக்கான் வைத்தார்கள். கொடி கட்டினார்கள். நங்கூரமும் வைத்தார்கள். பாய்மரம் தவிர எல்லாம் வந்துவிட்டது.

இந்தக் கலையில் தலைசிறந்தவர் ழான் பியேர் பிளான்ஷார். நார்மண்டிக்காரர், ஒல்லி ஆள், தற்பெருமை மட்டும் ஒன்றரை ஆள் அளவு. பலூன் என்ற ஒன்று வருவதற்கு முன்பே ‘பறக்கும் கப்பல்’ என்று இறக்கை வைத்த ஒரு பெட்டியைச் செய்து வைத்திருந்தார். அது எல்லாம் செய்தது, பறப்பதைத் தவிர. பலூன் வந்ததும் அந்த இறக்கைகளை அப்படியே எடுத்துப் பலூன் படகில் மாட்டிவிட்டார். இப்போது அது பறந்தது. இறக்கையால்தான் பறக்கிறது என்று பிளான்ஷார் சொல்லிக்கொண்டார். மேலே பையில் அடைத்திருந்த ஹைட்ரஜன் பதில் பேசவில்லை.

பிரான்சில் போட்டி அதிகம் என்று அவர் லண்டனுக்குப் போனார். அங்கே அகப்பட்டவர்தான் டாக்டர் ஜான் ஜெஃப்ரீஸ். பாஸ்டன் நகரத்தில் பிறந்தவர். அமெரிக்கா சுதந்திரம் கேட்டபோது இவர் ராஜா பக்கம் நின்றதால் ஊரை விட்டு லண்டனில் வந்து வைத்தியம் பார்த்தார். கையில் காசும், மேலே காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்கிற ஆசையும் இருந்தன. ஆசையும் காசும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை பிளான்ஷார் மோப்பம் பிடித்துவிட்டார். 1784 நவம்பரில் லண்டனுக்கு மேல் ஒரு சவாரிக்கு டிக்கெட் 100 பவுண்டு சொச்சம். அது நல்லபடியாக முடிந்ததும் அடுத்த திட்டம்: ஆங்கிலக் கால்வாயை வான்வழியே தாண்டி பிரான்சுக்குப் போவது. செலவு 700 பவுண்டு சொச்சம், முழுவதும் டாக்டர் தலையில். கூடவே ஒரு ஷரத்து. பலூன் பாரம் தாங்காமல் இறங்கினால் டாக்டர் கடலில் குதித்துவிட வேண்டும். டாக்டர் சம்மதித்தார். படித்தவர்கள் ஒப்பந்தத்தை முழுதாகப் படிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் எனக்குத் தெரியாது.

பணம் வந்த பிறகு பிளான்ஷாருக்குப் பணம் கொடுத்தவர் கண்ணில் முள்ளாகிவிட்டார். புகழை எதற்குப் பங்கு போட வேண்டும்? டோவர் கோட்டைக்குள் பலூனோடு புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். டாக்டர் சும்மா விடுவாரா? மாலுமிகள் சிலரைத் திரட்டிக்கொண்டு கோட்டை வாசலில் போய் நின்றார். விஞ்ஞானப் பயணம் வாய்க்கால் தகராறாக மாறிக்கொண்டிருந்தபோது கோட்டையின் ஆளுநர் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். பிறகு, பாரம் அதிகம், இருவர் போக முடியாது என்று காட்டுவதற்காக பிளான்ஷார் உடைக்குள்ளே ஈயம் வைத்த பெல்ட் கட்டிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவர் செய்யக்கூடியவர்தான்.

1785 ஜனவரி 7, வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி வாக்கில் டோவர் கோட்டைக்கு எதிரே குன்றின் விளிம்பிலிருந்து பலூன் எழும்பியது. படகில் இருந்த சாமான்களைப் பாருங்கள். பட்டு போர்த்திய இறக்கைகள். கையால் சுற்றும் ஒரு காற்றாடி. சுக்கான். நங்கூரங்கள். இரண்டு தேசத்துக் கொடிகள். கட்டுக்கட்டாகத் துண்டுப் பிரசுரங்கள். பிஸ்கட், ஆப்பிள், ஒரு பாட்டில் பிராந்தி. காற்றழுத்தமானி. தண்ணீரில் விழுந்தால் மிதக்கத் தக்கைச் சட்டைகள். படகைச் சுற்றிப் பட்டு அலங்காரம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பேரனுக்கு ஒரு கடிதம். பாரம் குறைக்கத் தூக்கிப் போட வேண்டிய மணல் மட்டும் மொத்தமே 30 பவுண்டு. கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தது, கடல் தாண்டுவதற்கு வேண்டியது இல்லை.

நடந்ததை ஜெஃப்ரீஸ் பின்னால் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். கனவான் என்பதால் வசனங்களை விட்டுவிட்டார். அதை நான் நிரப்பிக்கொள்கிறேன்.

“டாக்டரே, இறங்கிக்கொண்டிருக்கிறோம்.”

“அதற்குள் பிரான்ஸ் வந்துவிட்டதா?”

“பிரான்ஸில் இல்லை. தண்ணீரில்.”

“மணலைப் போடுங்கள்.”

“போட்டாயிற்று. மூட்டையும் போட்டாயிற்று.”

“அந்தத் துண்டுப் பிரசுரம்?”

“ஐயோ, அது விஞ்ஞானம்!”

“கனமான விஞ்ஞானம். போடுங்கள்.”

பிரசுரங்கள் கட்டுக்கட்டாகக் கடலுக்குள் போயின. மீன்கள் படித்தனவா என்று தகவல் இல்லை. பலூன் கொஞ்சம் எழும்பியது, மறுபடி சரிந்தது. பிஸ்கட் போனது. ஆப்பிள் போனது.

“இறக்கையைக் கழற்றுங்கள்.”

“இறக்கை இல்லாமல் எப்படி ஓட்டுவேன்?”

“இதுவரை ஓட்டினீர்களா?”

இதற்கு பிளான்ஷார் பதில் சொல்லவில்லை. இறக்கைகள் போயின. காற்றாடியும் போனது. பலூன் அதே திசையில், அதே வேகத்தில், காற்று தள்ளிய பக்கமே போய்க்கொண்டிருந்தது. கப்பலின் கப்பல்தனம் முழுவதையும் கழற்றி எறிந்த பிறகும் பயணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அந்தப் பட்டுக் குஞ்சலம்?”

“லண்டன் சீமாட்டிகள் தொட்டுப் பார்த்து ஆசைப்பட்டது டாக்டரே!”

“அவர்கள் யாரும் இப்போது படகில் இல்லை.”

குஞ்சலம், திரை, உள்ளே அடித்திருந்த துணி எல்லாம் பிய்த்து எறியப்பட்டன. அடுத்து பிராந்தி. டாக்டர் அதை மருந்துக் கணக்கில் வைத்திருந்தார், பிளான்ஷார் உணவுக் கணக்கில். இரண்டு கணக்கும் கடலில் தீர்ந்தன. பாட்டில் விழும்போது உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டே போனதை ஜெஃப்ரீஸ் பிரிவாற்றாமையோடு குறித்து வைத்திருக்கிறார். நங்கூரங்களும் போயின. பிரெஞ்சுக் கரை கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் அதைவிடப் பக்கத்தில் தெரிகிறது.

“டாக்டரே, நம் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்ததே...”

“முதலில் உங்கள் கால்சட்டையைக் கழற்றுங்கள்.”

ஜனவரி மாதக் குளிரில் பிளான்ஷார் மேலங்கியைக் கழற்றிப் போட்டார். ஜெஃப்ரீஸ் தன் ஒரே கோட்டைப் போட்டார். பிளான்ஷார் அடுத்த கோட்டையும் கழற்றினார், கடைசியில் கால்சட்டையும். கேப்டன் கால்சட்டை இல்லாமல் நின்ற அந்தத் தருணத்தில் பலூன் தானாகவே எழும்ப ஆரம்பித்தது. கடல் கேட்டது அது ஒன்றைத்தான் போலிருக்கிறது.

கரை தாண்டியாயிற்று, பிழைத்தோம் என்று நினைத்தால் இப்போது கீழே காடு. வேகமாக இறங்குகிறார்கள், எறிய ஒன்றுமில்லை. போட்டிருந்த தக்கைச் சட்டைகளையும் அவிழ்த்து எறிந்தார்கள். அதற்கும் பிறகு டாக்டருக்கு வைத்திய மூளை வேலை செய்தது. காலையில் குடித்ததெல்லாம் இன்னும் உடம்பிலேயே இருக்கிறதே! இருவருமாகச் சேர்ந்து 5, 6 பவுண்டு எடையைப் படகிலிருந்து கழித்ததாக ஜெஃப்ரீஸ் எழுதுகிறார். அற்ப விஷயம்தான், ஆனால் உண்மையிலேயே உபயோகப்பட்டது என்று சீரியஸாக வேறு சேர்த்திருக்கிறார். நிதானமான மனிதர். பிரான்சுக்கு வான்வழியே முதலில் போய்ச் சேர்ந்தது என்ன என்று பள்ளிப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. கடிதம் இரண்டாவது.

கலே நகரத்துக்கு அப்பால், கீன் என்ற ஊர்ப் பக்கம், காட்டு மரத்தின் உச்சிக் கிளையை ஜெஃப்ரீஸ் எட்டிப் பிடிக்க, பலூன் நின்றது. இரண்டரை மணி நேரப் பயணம். ஊர்க்காரர்கள் ஓடிவந்து முதலில் உடுக்கத் துணி கொடுத்தார்கள், அப்புறம்தான் யார் என்று விசாரித்தார்கள். அந்த இடத்தில் இன்றும் ஒரு தூண் நிற்கிறது. பிளான்ஷாருக்கு ராஜா 12,000 லிவர் பரிசும் வருஷா வருஷம் 1,200 லிவர் பென்ஷனும் கொடுத்தார். கலே நகரம் அவரைத் தன் குடிமகனாக்கியது. ஜெஃப்ரீஸுக்கு நல்ல விருந்துகள் கிடைத்தன. 700 பவுண்டை யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிளான்ஷார் அதற்குப் பிறகும் ஊர் ஊராகப் பறந்தார், சம்பாதித்தார், சம்பாதித்ததற்கு மேல் கடன் வைத்துவிட்டு 1809-இல் இறந்தார். கடனை அடைக்க மனைவி சோஃபி பறந்தார். தரையில் வண்டியில் போகவே நடுங்குகிற பெண், மேலே போனால் துளிப் பயம் கிடையாது. புருஷனைவிட நல்ல பைலட் என்பது என் கட்சி. ஆனால் கூட்டம் கேட்டது அலங்காரம். இரவில் பறந்துகொண்டே மத்தாப்பு விட வேண்டும். ஹைட்ரஜன் பையின் கீழே தொங்கிக்கொண்டு வாணவேடிக்கை! 1819 ஜூலையில் பாரிஸில் அது நடக்க வேண்டிய மாதிரியே நடந்து முடிந்தது. கீழே இருந்தவர்களில் பலர் அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்களாம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ரப்பர் பலூனுக்கு வருவோம். அதைச் செய்தவர் மைக்கேல் ஃபாரடே. 1824-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹைட்ரஜனை அடைத்து வைக்க ஒரு பை தேவைப்பட்டது. இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை அழுத்தி ஒட்டினார். உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். சப்பாத்தி இடுகிறவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம்தான். மின்சாரம் பற்றி அவர் கண்டுபிடித்ததையெல்லாம் உலகம் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. பலூனை மறு வருஷமே புரிந்துகொண்டது: ஹான்காக் என்பவர் ரப்பர் கரைசல் ஒரு புட்டி, ஊத ஒரு பீச்சாங்குழல் என்று நீங்களே செய்துகொள்ளும் செட்டாக விற்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவே ராணுவத்தாரும் சும்மா இருக்கவில்லை. 1849-இல் ஆஸ்திரியப் படை வெனிஸ் நகரத்தை முற்றுகையிட்டிருந்தது. நகரம் தண்ணீருக்குள் இருக்கிறது, பீரங்கி எட்டவில்லை. உஹாட்டியுஸ் என்ற லெப்டினன்டுக்கு யோசனை வந்தது: காகிதப் பலூனில் குண்டைக் கட்டிக் காற்றில் விட்டால்? வுல்கானோ என்ற கப்பலிலிருந்துகூட விட்டுப் பார்த்தார்கள். கப்பலில் பலூன் கட்டிய பெருமை அவர்களையே சேரும். காற்று ஆஸ்திரிய ராணுவத்தில் சேரவில்லை என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது. நகரத்துக்குப் போனவை கொஞ்சம், எங்கெங்கோ போனவை மிச்சம், திரும்பி வந்து விட்டவர்கள் தலைமேலேயே விழுந்தவை சில. வெனிஸ்காரர்கள் பார்த்து ரசித்தார்கள்.

அடுத்த கதாநாயகன் ஒரு பூனை. வால்டர் வெல்மன் அமெரிக்கப் பத்திரிகைக்காரர். வட துருவத்துக்கு ஆகாயக் கப்பலில் போகிறேன் என்று கிளம்பிக் கிளம்பித் திரும்பியவர். துருவத்தை வேறு ஆட்கள் தொட்டுவிட்டதாகச் சொன்னதும், சரி, அட்லான்டிக்கைத் தாண்டுவோம் என்று முடிவெடுத்தார். அவருடைய ‘அமெரிக்கா’ நீளமான ஹைட்ரஜன் பை. அதன் வயிற்றில் எஞ்சின்கள். அதற்கும் கீழே உயிர்காக்கும் படகு ஒன்று தொங்கியது. பார்ப்பவர்களுக்குப் படகு பலூனைக் கட்டியிருக்கிறதா, பலூன் படகைக் கட்டியிருக்கிறதா என்று புரியாது. இதெல்லாம் போதாதென்று பின்னால் ஒரு வால்: எரிபொருள் டப்பாக்களைக் கோத்துக் கடலில் இழுபடும்படி விட்டிருந்தார்கள். உயரத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் சாதனம் என்று பெயர். அலையில் அடிபட்டு அது இழுத்த இழுப்பில் மேலே இருந்தவர்களின் பல் ஆடியது.

1910 அக்டோபர் 15. அட்லான்டிக் சிட்டியில் ஒரே மூடுபனி. ஆறு பேர் ஏறினார்கள். கொட்டகையில் சுற்றிக்கொண்டிருந்த கிட்டோ என்ற பூனையையும் ஏற்றினார்கள். கப்பலில் பூனை இருந்தால் அதிர்ஷ்டம் என்பது மாலுமிகள் நம்பிக்கை. பூனைக்கு அந்த நம்பிக்கை இல்லை. தரை விலகியதுமே ஊளையிட ஆரம்பித்தது, ஓடியது, பிறாண்டியது. எஞ்சினியர் மெல்வின் வானிமனுக்குப் பொறுக்கவில்லை. கப்பலில் வயர்லெஸ் இருந்தது. ஆகாயக் கப்பல் ஒன்றிலிருந்து ரேடியோவில் போன முதல் செய்தி என்று சொல்லப்படுவது என்ன தெரியுமா? கரையில் இருந்தவருக்குச் சொன்னது: ராய், வந்து இந்தச் சனியன் பிடித்த பூனையை எடுத்துக்கொண்டு போ. ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கும். தந்தி, தொலைபேசி என்று ஒவ்வொன்றின் முதல் வாக்கியத்தையும் கல்வெட்டுக்கு ஏற்ற மாதிரி தயாரித்துப் பேசுவார்கள். இங்கே பூனை முந்திக்கொண்டது.

பூனையைக் கித்தான் பையில் போட்டுக் கயிற்றில் இறக்கினார்கள். கீழே மோட்டார் படகு வந்தது, அலை விடவில்லை, பை மறுபடி மேலே வந்தது. அதற்குப் பிறகு கிட்டோ மனத்தைத் தேற்றிக்கொண்டு தூங்கப் போய்விட்டது. கப்பலில் தூங்கியது அது ஒன்றுதான். எஞ்சின் நின்றது. காற்று ஐரோப்பாவுக்குப் போகாமல் தெற்கே தள்ளியது. அக்டோபர் 18 விடியற்காலை ‘டிரென்ட்’ என்ற அஞ்சல் கப்பல் கண்ணில் பட்டது. விளக்கை மினுக்கி மினுக்கிக் கூப்பிட்டார்கள். ஆறு பேரும் பூனையும் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். அந்த வால் கடைசியாக ஒரு முறை வந்து படகையும் ஒரு இடி இடித்துவிட்டுப் போனது. பாரம் குறைந்த ‘அமெரிக்கா’ ஜம்மென்று எழும்பி, யாரும் இல்லாமல் அழகாகப் பறந்து கண்ணுக்கு மறைந்தது. மனிதர்கள் இறங்கிய பிறகுதான் அது ஒழுங்காகப் பறந்தது என்பதை வெல்மன் எப்படி எடுத்துக்கொண்டாரோ. நியூயார்க்கில் கிம்பெல்ஸ் கடை கிட்டோவைத் தங்க முலாம் கூண்டில் மெத்தை போட்டு உட்காரவைத்துக் காட்சிக்கு வைத்தது. கூட்டம் அலைமோதியது. வெல்மனைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

1944-க்குத் தாவிவிடலாம். நார்மண்டிக் கரைக்குப் போன கப்பல்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: டாங்கி இறக்கும் கப்பல்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் கொழுத்த வெள்ளிப் பலூன் ஒன்று கம்பியில் ஆடிக்கொண்டிருக்கும். பிறந்தநாள் விழா இல்லை. தாழப் பறந்து சுட வரும் விமானம் அந்தக் கம்பியில் சிக்கி இறக்கை அறுபடட்டும் என்ற ஏற்பாடு. அமெரிக்கர்கள் இறங்கிய கரையில் பலூன் பிடித்தவர்கள் 320-ஆவது பலூன் படைப்பிரிவின் கறுப்பினச் சிப்பாய்கள். குண்டு மழையில் பலூன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்! அதற்கு முந்தைய மாதங்களில் தென் இங்கிலாந்து முழுக்க அமெரிக்கச் சிப்பாயும் டாங்கியும் ஜீப்பும் குவிந்து கிடந்தபோது ஊரில் உலவிய ஜோக்: மேலே இந்தப் பலூன்கள் தூக்கிப் பிடித்திருப்பதால்தான் இங்கிலாந்து மூழ்காமல் இருக்கிறது, கயிற்றை அறுத்தால் தீவு தண்ணீருக்குள் போய்விடும். கப்பலில் பலூன் கட்டியதால் உருப்படியான பலன் கிடைத்த சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அது அலங்காரத்துக்காகக் கட்டியதல்ல.

இப்போது மயாமியிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலுக்கு வாருங்கள். நீண்ட நடைபாதை, ஒரே மாதிரி கதவுகள், இரும்புச் சுவர். தன் அறை எது என்று கண்டுபிடிக்கவே கதவில் காந்தம் வைத்து எதையாவது ஒட்டிவைக்கிற வழக்கம் பயணிகளுக்கு உண்டு. பிறந்தநாள் என்றால் பலூன் கட்டக் கை பரபரக்கும். ஆனால் பல கப்பல்களில் ஹீலியம் பலூனுக்குத் தடை. கை நழுவினால் கடலுக்குப் போகும். கடலாமை அதை ஜெல்லி மீன் என்று விழுங்கிவைக்கும். கடலில் பிளாஸ்டிக் எதையும் கொட்டக்கூடாது என்ற சர்வதேச விதி 1988 கடைசியிலிருந்து அமலில் இருக்கிறது. மயாமி இருக்கும் ஃபுளோரிடாவில் முன்பு ஒரு நாளில் பத்துக்குக் குறைவாகப் பறக்க விட்டால் குற்றமில்லை என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் ஒன்றுகூட வேண்டுமென்றே விடக்கூடாது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. நியாயமான சட்டம். ஆனால் புத்தாண்டு இரவில் அதே கப்பல்கள் கூரையில் வலை கட்டி நூற்றுக்கணக்கான பலூன்களைப் பயணிகள் தலையில் கொட்டுவதையும் பார்க்கலாம். வெறும் காற்று அடைத்தது, நாலு சுவருக்குள் விழுகிறது, ஆகவே சரி.

இந்தப் பலூன் தடையைப் பற்றி நம் ஆட்களை ஒரே மேசையில் உட்காரவைத்து விவாதிக்கவிட்டால்?

“வெறும் மூன்று பலூன்” என்கிறார் பிளான்ஷார். “கதவில் கட்டுகிறேன் என்றேன். மாட்டேன் என்கிறார்கள். நான் யார் தெரியுமா என்று கேட்டேன்.”

“என்ன சொன்னார்கள்?”

“அறை எண் கேட்டார்கள்.”

“தடை சரிதான்” என்கிறார் ஜெஃப்ரீஸ். “உங்களிடம் பலூன் கொடுத்தால் கடைசியில் என் கோட்டு போகும்.”

ஃபாரடே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “நான் அதைச் சோதனைச்சாலைக்காகச் செய்தேன்” என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

“காற்று எங்கள் பக்கம் அடித்திருந்தால்...” என்று ஆரம்பிக்கிறார் உஹாட்டியுஸ்.

“அடிக்கவில்லையே” என்கிறார் சோஃபி. “கதவில் காகிதப் பூ ஒட்டுங்கள். நெருப்புப் பக்கம் போகாதீர்கள். வேறு பேச்சு பேசுங்கள்.”

“நான் கேப்டனிடம் பேசுகிறேன்” என்கிறார் வெல்மன். “ஒரு சின்ன ஆகாயக் கப்பலைப் பின் தளத்தில் கட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரு வால் மட்டும்...”

“வால் என்று இன்னொரு தடவை சொன்னால் நான் அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவேன்” என்கிறார் வானிமன். மேசைக்கு அடியிலிருந்து கிட்டோ ஒரு குரல் கொடுக்கிறது. “இதையும் சேர்த்து இறக்குங்கள்.”

“அது என்ன செய்தது பாவம்? நம்மில் பெயர் வாங்கியது அது ஒன்றுதான்.”

“பெயர் வாங்கியது நான்” என்கிறார் பிளான்ஷார். “தூணே நிற்கிறது.”

“தூணில் நீங்கள் கால்சட்டையோடு இருக்கிறீர்களா?”

பிளான்ஷார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சமயம் பார்த்துப் பரிசாரகர் பில்லைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள்.

“என் பணப்பை” என்றார் பிளான்ஷார், “அந்தக் கால்சட்டையில்தான் இருந்தது.”

ஜெஃப்ரீஸ் பேனாவை எடுத்தார்.